குனியாமல் போட்டு, குனியாமல் கழற்றும் பூட்ஸ்

லேஸ் இல்லை, ஜிப் இல்லை, காலை விட்டு இழுத்தால் ஏறிவிட வேண்டும். இப்படி ஒரு பூட்ஸ் தைக்க உட்கார்ந்தால் கணக்கெல்லாம் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. குதிகாலின் பின்பக்க அடிமுனையில் டேப்பை வைத்து, கணுக்கால் மடங்குகிற முன்பக்கம் வரை சாய்வாகச் சுற்றி அளந்து பாருங்கள். என் பெரியப்பாவுக்கு அது 32.5 செ.மீ. அதே காலில், கணுக்கால் மொழிக்கு, அதாவது பக்கவாட்டில் துருத்தி நிற்கும் எலும்புக்கு, சற்று மேலே, கால் மிக ஒல்லியாக இருக்கும் இடத்தில் சுற்றளவு 22 செ.மீ.தான். பத்து சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம். போடும்போதும் கழற்றும்போதும் பூட்ஸின் கழுத்து வழியாக அந்த 32.5 நுழைந்து வர வேண்டும். நடக்கும்போது அதே கழுத்து 22 செ.மீ. காலைச் சுற்றி ஒழுங்காக நிற்க வேண்டும். லேஸ், ஜிப், பக்கிள் எல்லாமே இந்தப் பத்து சென்டிமீட்டரைத் திறந்து மூடுவதற்காக இருப்பவை. அவற்றை எடுத்துவிட்டால் அந்த வேலையை வேறு ஏதாவது செய்தாக வேண்டும்.

எனக்குக் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் பை, செருப்பு, ஷூ பழுதுபார்க்கும் கடை. பெரியப்பாவுக்குப் பூம்பாறையில் படிக்கட்டு வயல். மலைப்பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு என்று மாற்றி மாற்றிப் போடுவார். பாத்தியில் எப்போதும் ஈரம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வரப்பெல்லாம் வழுக்கும். முட்டித் தேய்மானத்தால் அவருக்கு முழங்கால் முழுசாக மடங்காது. குனிந்தால் நிமிர நேரமாகும். அதனால் முழங்கால் வரை வரும் நீர் புகாத கம்பூட்ஸை ஓரமாக வைத்துவிட்டு ரப்பர் செருப்போடு வயலில் இறங்க ஆரம்பித்திருந்தார். ஈர வரப்பில் அந்த வயதில் ரப்பர் செருப்பு என்பது விழுவதற்கு நாமே வழி செய்து கொடுப்பது. கேட்டபோது அவர் சொன்னது இது: "போடுறதக்கூட எப்படியோ போட்டுடுறேன்ப்பா. சாயங்காலம் கழட்டுறதுக்குத்தான் ஒங்க பெரியம்மாவக் கூப்பிட வேண்டியிருக்கு. அவளுக்கும் இடுப்பு வலிதான்."

அவர் சொன்னதிலிருந்தே வேலையைத் தொடங்கினேன். கடைகளில் பூட்ஸைப் போட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறோம், கழற்றிப் பார்த்து வாங்குவதில்லை. காலையில் காலும் சாக்ஸும் உலர்ந்திருக்கும், உடம்பில் தெம்பு இருக்கும். சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், சாக்ஸ் வியர்வையிலும் மழையிலும் நனைந்திருக்கும், முதுகு ஓய்ந்திருக்கும். கஷ்டமெல்லாம் கழற்றுகிற நேரத்தில் கூடி வருகிறது. ஆகவே முதலில் கழற்றுவதற்காக வடிவமைக்க வேண்டும்; அதற்குச் சரியாக வந்தால் போடுவது தானாகச் சரியாகிவிடும் என்பது என் கணிப்பு. வேலை முழுக்க இதைத்தான் பிடித்துக்கொண்டு போனேன். கால் அளவுகளையும் சாயங்காலம் அவர் வயலிலிருந்து வந்த பிறகே எடுத்தேன்.

முதலில் அவருடைய பழைய கம்பூட்ஸ் ஏன் வரமாட்டேன் என்கிறது என்று பார்த்தேன். மூன்று காரணங்கள் தெரிந்தன. ஒன்று குளிர். நம் சந்தையில் கிடைக்கும் விலை குறைந்த கம்பூட்ஸ் பெரும்பாலும் பிவிசி. குளிரில் பிவிசி விறைத்துவிடும். மார்கழிக் காலையில் திண்ணையில் கிடந்த பூட்ஸின் கழுத்தை விரலால் அழுத்தினால் பலகையை அழுத்துவது போலத்தான் இருக்கும். நிஜ ரப்பர் அந்தக் குளிரிலும் வளையும். ஆனால் விலை அதிகம். இரண்டாவது காற்று. நனைந்த சாக்ஸ் பூட்ஸின் உள்சுவரில் ஒட்டி அடைத்துக்கொள்கிறது. காலை மேலே இழுக்கும்போது விரல் பக்கம் காலியாகும் இடத்துக்குக் காற்று போக வழியில்லை. பூட்ஸ் காலை உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது. ஓர் அகலமான பிளாஸ்டிக் குச்சியைக் காலுக்கும் பூட்ஸுக்கும் நடுவே செருகிவிட்டு இழுத்தால் உஸ்ஸென்று காற்று போய்க் கால் இலகுவாக வருவதைப் பார்க்கலாம். மூன்றாவது உயரம். முழங்கால் வரை வருகிற குழலில் இருந்து காலை உருவ, முழங்காலை நன்றாக மடக்கி, பாதத்தைக் கீழ்நோக்கி நீட்ட வேண்டும். அவரால் முடியாததே அந்த இரண்டும்தான்.

எவ்வளவு கஷ்டம் என்பதை எண்ணில் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பெட்டி எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தொங்கு தராசு என்னிடம் இருக்கிறது. பெரியப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, ஈர சாக்ஸோடு இருந்த கம்பூட்ஸின் குதிகாலில் கயிறு கட்டி, தராசைக் கோத்து இழுத்தேன். 17 கிலோ காட்டிய பிறகுதான் கால் வெளியே வந்தது. 17 கிலோவைக் குனிந்தபடி தன் காலிலிருந்தே இழுப்பது முதுகு வலிக்காரருக்கு நடக்கிற காரியமில்லை. அதைப் பாதிக்கும் கீழே கொண்டுவர வேண்டும் என்று இலக்கு வைத்துக்கொண்டேன்.

என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று யோசித்தபோது ஜிப்பை உடனே தள்ளிவிட்டேன். சேறு புகுந்த ஜிப் எத்தனை நாள் ஓடும் என்பது கடையில் வந்து குவியும் பைகளைப் பார்த்தாலே தெரியும். வெல்க்ரோவிலும் மண்ணும் புல்லும் ஒட்டிக்கொண்டால் பிடிப்பு போய்விடும். பின்பக்கம் முழுசாகப் பிளந்து திறக்கிற பூட்ஸ் என்னை வெகுவாக இழுத்தது. அதில் பாதத்தைக் கீழே நீட்டாமலே நேராக முன்னால் தள்ளி நுழைக்கலாம். ஆனால் அதை மூடக் கெண்டைக்காலின் பின்பக்கம் கை போக வேண்டும். குனிய முடியாதவருக்கு முழங்காலுக்குக் கீழே எந்தப் பூட்டும் வைக்கக் கூடாது. அப்படியானால் தானாக விரிந்து தானாகச் சுருங்குகிற எலாஸ்டிக்தான்.

இந்த யோசனை பழசுதான். ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பக்குவப்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்பு ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் உடையும். அது பக்குவப்பட்ட பிறகு, விக்டோரியா மகாராணிக்கு பூட்ஸ் தைத்துக்கொடுத்த லண்டன்காரர் ஜே. ஸ்பார்க்ஸ்-ஹால் பக்கவாட்டில் எலாஸ்டிக் வைத்த பூட்ஸுக்கு 1851இல் காப்புரிமை பெற்றார். இன்று செல்ஸீ பூட்ஸ் என்று விற்பதெல்லாம் அதன் வாரிசுகள். குட்இயரின் முறையைக் கொண்டே 1853இல் பிரான்ஸில் ஹைரம் ஹட்சின்சன் ரப்பர் பூட்ஸ் தொழிற்சாலை தொடங்கினார்; கம்பூட்ஸின் வம்சம் அங்கிருந்து வருகிறது. ஒரே ரப்பரிலிருந்து பத்தாண்டுக்குள் பிறந்த இரண்டு சாதிகள். விவசாயியிடம் நீர் புகாதது போய்ச் சேர்ந்தது, நகரத்துக்காரரிடம் இலகுவாகக் கழல்வது போய்ச் சேர்ந்தது. எனக்கு இரண்டும் சேர்ந்து வேண்டியிருந்தது.

சரி, அளவுக்கு வருவோம். தடித்த கம்பளி சாக்ஸோடு குதிகால் சாய்வுச் சுற்று 33.5 ஆனது, கணுக்கால் 23.5 ஆனது. கழுத்தைச் சும்மா இருக்கும்போது 27.5 செ.மீ. என்று முடிவு செய்தேன். அதில் இரண்டு பக்கமும் 6 செ.மீ. அகல எலாஸ்டிக். ஒவ்வொன்றும் 9 செ.மீ. வரை விரிந்தால் மொத்தம் 33.5. கணக்கு உட்கார்ந்துவிட்டது. அப்படியானால் நடக்கும்போது கணுக்காலைச் சுற்றி 4 செ.மீ. தளர்வு இருக்குமே, கால் ஆடாதா என்று கேட்கலாம். இழுத்துப் போடும் பூட்ஸில் காலைப் பிடித்து வைப்பது கணுக்கால் அல்ல, புறங்கால் மேடு. புறங்கால் இறுக்கமாக இருந்தால் குதிகால் மேலே எழும்பாது. கணுக்காலில் கொஞ்சம் காற்று இருப்பது நல்லதே. அவருடைய புறங்கால் மேடு சாக்ஸோடு 26 செ.மீ.; பூட்ஸை அந்த இடத்தில் 25.5 என்று வைத்தேன். தோல் கொஞ்ச நாளில் அரை சென்டிமீட்டர் இளகிக் கொடுக்கும். குழல் உயரம் தரையிலிருந்து 20 செ.மீ. போதும் என்று அவரும் சொன்னார்.

தோலில் கை வைக்கும் முன் ரெக்ஸினில் ஒரு மாதிரி தைத்தேன். வடிவம் சரியா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. காலில் வழவழப்பான பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு பூட்ஸைப் போட்டுப் பாருங்கள். கவரோடு சுலபமாகப் போய், சாக்ஸோடு போகவில்லை என்றால் வடிவம் சரி, உராய்வுதான் பிரச்சினை. லைனிங்கை மாற்ற வேண்டும். கவரோடும் மாட்டிக்கொண்டால் அளவிலேயே குறை. எந்த லைனிங்கும் உதவாது. ரெக்ஸின் மாதிரி கவரோடு வழுக்கிக்கொண்டு போனது, வெறும் சாக்ஸோடு குதிகாலுக்குச் சற்று மேலே இழுத்தது. இழுத்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்துக்கொண்டேன்.

எலாஸ்டிக் வாங்குவதில் அவசரப்படக் கூடாது. கடையில் தொட்டுப் பார்த்தால் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். ஒவ்வொரு ரகத்திலும் ஒரு துண்டு வாங்கி வந்து, அதில் 6 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, அந்தக் கோடுகள் 9 செ.மீ.க்கு வரும்படி பலகையில் இழுத்து ஆணி அடித்து ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் ஆணியைப் பிடுங்கியதும் 6க்குத் திரும்பியதை வைத்துக்கொண்டேன், 6.5இல் நின்றுவிட்டதை ஒதுக்கினேன். இப்போதே தளர்கிற எலாஸ்டிக் மழைக்காலம் முடிவதற்குள் தொங்கிவிடும்.

தோலுக்குத் திண்டுக்கல். வத்தலக்குண்டு வழியாக மலையிறங்கினால் தோல் பதனிடும் ஊர் அத்தனை பக்கத்தில் இருப்பது என் போன்றவர்களுக்குப் பெரிய வசதி. மேல்பாகத்துக்கு குரோம் உப்பில் பதனிட்டு எண்ணெய் ஏற்றிய 2 மி.மீ. மாட்டுத்தோல், எலாஸ்டிக்கின் உள்ளே வரும் மடிப்புக்கு மெல்லிய ஆட்டுத்தோல், குதிகாலைப் பிடிக்கும் கெட்டிப் பகுதிக்கும் உள் அட்டைக்கும் மரப்பட்டையில் பதனிட்ட தடித்த தோல். இந்தப் பட்டைத் தோலுக்கும் எங்கள் மலைக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஒரு காலத்தில் தமிழ்நாட்டுத் தோல் ஆலைகள் ஆவாரம் பட்டையை நம்பியிருந்தன. பின்னால் வாட்டில் மரப்பட்டை வந்தது. பழனி மலையில் சோலைகளுக்கு நடுவே இருந்த புல்வெளிகளை மூடிக்கொண்டு நிற்கும் வாட்டில் காடுகள் பட்டைக்காக நடப்பட்டு, பிறகு தாமாகப் பரவியவை. அந்தப் புல்வெளிகள் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. கையில் இருக்கும் தோலுக்கு அதிலும் ஒரு பங்கு இருக்கிறது என்பதை மறக்க முடியவில்லை.

வெட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. தோலைக் கையில் பிடித்து நாலு பக்கமும் இழுத்துப் பாருங்கள். ஒரு திசையில் கொடுக்கும், ஒரு திசையில் கொடுக்காது. கொடுக்காத திசை விரலிலிருந்து குதிகாலுக்குப் போகும்படி வெட்ட வேண்டும். மாறினால் பூட்ஸ் நீளத்தில் வளர்ந்து, புறங்காலில் இளகவே இளகாது.

எலாஸ்டிக்கை நேராகக் கணுக்கால் மொழியின் மேல் வைப்பதுதான் வழக்கம். நான் அதன் நடுக்கோட்டை மொழிக்கு 1.5 செ.மீ. முன்னால் தள்ளினேன். காரணம், உள்ளே வருகிற மடிப்புத் தோல். எலாஸ்டிக் துணிதான், தண்ணீர் நிற்காது. அதனால் அதன் உள்பக்கம் ஆட்டுத்தோலை ஹார்மோனியத் துருத்தி போல மடித்துத் தைத்திருக்கிறேன். எலாஸ்டிக் விரியும்போது மடிப்பும் விரியும், சுருங்கினால் மடங்கிக்கொள்ளும், தண்ணீருக்குக் கழுத்துவரை தடை. அந்த மடிப்பு மொழி எலும்பின் மேல் உட்கார்ந்தால் நாள் முழுக்க உரசிப் புண்ணாக்கும். முன்னால் தள்ளினால் எலும்புக்கும் தசைநாருக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தில் அடங்கிவிடுகிறது. எலாஸ்டிக்கைத் தனித் தையலில் வைத்தேன். பூட்ஸில் முதலில் சாவது அதுதான். மடிப்பைத் தொடாமல் எலாஸ்டிக்கை மட்டும் பிரித்துப் புதிதாகத் தைக்க முடிய வேண்டும்.

சாக்பீஸ் கோடு போட்ட இடத்துக்கு இப்போது வருகிறேன். குதிகாலைப் பிடிக்கும் கெட்டித் தோலின் மேல்விளிம்பு அங்கேதான் வருகிறது. பெரும்பாலான பூட்ஸில் கால் மாட்டுவது இந்த விளிம்பில்தான். குதிகாலின் உருண்டை அதில் இடித்து, அதை உள்பக்கம் மடக்கி, அதன் மேலேயே ஏறி நிற்கும். அந்த விளிம்பைக் காகிதம் மாதிரி ஆகும்வரை சீவி, மேல்நுனி 3 மி.மீ. வெளியே சாயும்படி, பூட்ஸ் தைக்கும் கால் வடிவ அச்சின் மேல் ஈரமாக வைத்துக் காயவிட்டேன். உள் லைனிங்கில் விளிம்புக்கு மேலே முழுக்க வழவழப்பான பக்கம் காலைத் தொடும்படி தோலைப் போட்டேன். அதற்குக் கீழே, குதிகால் கடைசியாக உட்காரும் 3 செ.மீ. உயரத்துக்கு மட்டும் தோலின் சொரசொரப்புப் பக்கம். நடக்கும்போது கால் எழும்பாமல் பிடிக்க அந்த 3 செ.மீ. போதுமானது. பின்பக்கம் நடுவில் உள்தையல் எதுவும் இல்லை. லைனிங்கின் இணைப்பை உள்பக்கவாட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன்.

தைத்து முடித்து அச்சை உருவுகிற நேரம் எனக்கு முக்கியம். அச்சுக்கு வளையவும் தெரியாது, பாதத்தை நீட்டவும் தெரியாது. அது சிரமப்பட்டு வந்தால் மனிதக் காலும் அந்த இடத்தில்தான் சிரமப்படும். எங்கே உரசுகிறது என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்து, இடது காலுக்குத் திருத்தி, பிறகு வலதைத் தைத்தேன்.

இழுக்கும் வார்கள். கடை பூட்ஸில் ஒரு விரல் மட்டும் நுழையும் சின்ன வளையம் இருக்கும். குளிரில் விறைத்த விரலுக்கு அது போதாது. பள்ளிப் பைக்குப் போடும் 4 செ.மீ. அகல நைலான் பட்டையை முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நாலு விரல் நுழையும் வளையமாக வைத்தேன். பட்டை குழலில் 8 செ.மீ. கீழே வரை இறங்கித் தைக்கப்பட்டிருக்கிறது. மேல்விளிம்பில் மட்டும் தைத்தால் இழுவையில் விளிம்பு கிழியும். எலாஸ்டிக் பக்கவாட்டில் இருப்பதால் வார் முன்னும் பின்னும்தான் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து இழுக்கும்போது கழுத்து தானாக அகலமாகிறது.

இந்த வளையங்களுக்குக் கொக்கியும் செய்தேன். 6 மி.மீ. இரும்புக் கம்பியை 45 செ.மீ. நீளத்தில் வெட்டி, ஒரு நுனியை வளைத்து, மறுநுனியில் மரப்பிடி போட்டு இரண்டு. பெஞ்சில் உட்கார்ந்தபடி கொக்கிகளை முன் வளையத்திலும் பின் வளையத்திலும் மாட்டி, விரல்களை நுழைத்து, இழுத்துக்கொண்டே எழுந்து நின்றால் குதிகால் இறங்கிவிடும். எழுந்து நிற்கிற உடல் எடைதான் கடைசித் தள்ளு. அதனால் பெஞ்சின் உயரமும் முக்கியம்; முழங்கால் செங்கோணத்துக்கு மேல் மடங்காதபடி 48 செ.மீ. வைத்தோம்.

சோல், ஆழமான பற்கள் உள்ள ரெடிமேட் ரப்பர். பற்களுக்கு நடுவே அகலமாக இடம் இருந்தால்தான் சேறு தானாக உதிரும். குதிகால் பக்கம் சோலுக்கும் மேல்தோலுக்கும் நடுவே ஒரு தட்டு ரப்பரைக் கூடுதலாக வைத்து, பின்னால் 8 மி.மீ. நீட்டிக்கொண்டு நிற்கும்படி விட்டேன். பின்னால் சொல்லப்போகும் கழற்றும் பலகைக்கு அதுதான் பிடி.

மலையில் ஒட்டுவேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சோல் ஒட்டும் சொல்யூஷன் குளிரிலும் மூடுபனியிலும் சரியாகப் பிடிக்காது. அதிலுள்ள திரவம் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிந்துவிடும். கண்ணுக்குக் காய்ந்த மாதிரி இருக்கும், ஒட்டினால் மழையில் உரிந்து வரும். வெயில் அடிக்கிற மத்தியான நேரத்தில், கதவைத் திறந்து வைத்துப் பூசுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு தலைமுடி காயவைக்கும் மெஷினால் இரு பக்கமும் சூடாக்கி அழுத்துங்கள். அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே கூடாது, அந்த ஆவி தீப்பிடிக்கும். ஒட்டிய பிறகு சுற்றிலும் மெழுகு ஏற்றிய நைலான் நூலால் இரட்டை ஊசித் தையல். ஒட்டை மட்டும் நம்பி வயலுக்கு அனுப்ப எனக்கு மனசு வராது.

இனிக் கழற்றும் பலகை. இதைச் சொல்லாமல் விட்டால் பூட்ஸைப் பற்றிப் பாதிதான் சொன்னதாகும். யூக்கலிப்டஸ் பலகை, நீளம் 40 செ.மீ., அகலம் 14. ஒரு முனையில் வாய் 7 செ.மீ. அகலத்தில் ‘வி’ வடிவ வெட்டு, உள்ளே போகப் போகக் குறுகி 6 செ.மீ. ஆழம். வெட்டின் உள்விளிம்புகளில் சைக்கிள் டியூப்பை ஒட்டியிருக்கிறேன், தோலைக் கடிக்காமல் பிடிக்கும். வெட்டுக்குச் சற்றுப் பின்னால் அடியில் 5 செ.மீ. உயரக் கட்டை. ஒரு காலால் பலகையின் தாழ்ந்த முனையை மிதித்து, மறு காலின் குதிகாலை வெட்டில் செருகி, மேலே இழுத்தால் பூட்ஸ் பலகையிலேயே நின்றுவிடும், கால் மட்டும் வெளியே வரும். ஒற்றைக்காலில் நிற்க வேண்டியிருப்பதால் வயதானவர்கள் வெறும் தரையில் இதைச் செய்யக் கூடாது. கதவு நிலையில் இடுப்பு உயரத்தில் ஒரு இரும்புக் கைப்பிடியை ஸ்க்ரூ போட்டுப் பொருத்தி, அதற்கு நேர் கீழே பலகையைத் தரையோடு பதித்துவிட்டேன். நின்றபடி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குனியாமல் கழற்றிவிடலாம்.

மழை வந்தது. பெரியப்பா வயலில் பூண்டுப் பாத்திக்கு வரப்பு கட்டிக்கொண்டிருந்த நாளில் போனேன். சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் அதே ஈர சாக்ஸ், அதே நாற்காலி, அதே தராசு. 7 கிலோவில் கால் வந்தது. பலகையில் நின்று கழற்றும்போது அந்த 7 கிலோவும் கையால் இழுப்பதில்லை, தொடை தூக்குகிற வேலை. அவருக்கு அது தெரியவே இல்லை. "இது நல்லாருக்குப்பா" என்றார். பெரியம்மா உள்ளிருந்து, "இனி என்னையக் கூப்பிட மாட்டாரு" என்றார்.

சில திருத்தங்கள் தேவைப்பட்டன. மடிப்புத் தோலின் கீழ்முனை தரையிலிருந்து 9 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, அந்த முனைத் தையலில் நீர் கசிந்தது. தேன்மெழுகு ஒரு பங்கும் விளக்கெண்ணெய் இரண்டு பங்கும் சேர்த்து உருக்கி, தையலில் சூடாகத் தேய்த்த பிறகு நின்றுவிட்டது. ஆனால் எண்ணெய் எலாஸ்டிக்கில் படக் கூடாது. ரப்பர் இழை உப்பி, வலுவிழந்து போகும். தேய்க்கும்போது எலாஸ்டிக்கின் மேல் காகித டேப் ஒட்டிக்கொள்வது நல்லது. மாலையில் சேற்றைக் கழுவி, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். விறகடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்தால் தோலும் வெடிக்கும், எலாஸ்டிக்கும் போகும்.

இந்தப் பூட்ஸ் எல்லா வேலைக்கும் ஆகாது. மருந்தடிக்கும் நாளில் இதைப் போடவே கூடாது. தோல் பூச்சிமருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; மறுநாளும் அதற்கடுத்த நாளும் அது காலில் இறங்கிக்கொண்டிருக்கும். அதற்குக் கழுவினால் போகிற ரப்பர் அல்லது பிவிசி பூட்ஸ்தான் வேண்டும், அதுவும் உயரமாக, பேண்ட் வெளியே விழும்படி. கீழ்மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு அட்டைக்கடி இருப்பதால் 20 செ.மீ. குழல் போதாது.

எனவே பெரியப்பாவின் பழைய கம்பூட்ஸையும் தூக்கிப்போடவில்லை. தைக்க வழியில்லாதவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். குழலின் உயரத்தைக் குறைக்காமல், பின்பக்கம் மேலிருந்து 8 செ.மீ. ஆழத்துக்கு ஒரு ‘வி’ வெட்டு. வெட்டின் அடிமுனை கிழிந்துகொண்டே போகாமல் இருக்க அங்கே சின்ன வட்டத் துளை. வெட்டை மூட, பழைய சைக்கிள் டியூப்பிலிருந்து ஒரு துண்டை ரப்பர் சொல்யூஷனில் ஒட்டித் தையலும் போட்டேன். கழுத்து கொஞ்சம் விரியும், நீரும் புகாது. காற்றுக்கு வழி, பின்பக்க உள்சுவரில் மேலிருந்து குதிகால் வரை செங்குத்தாக ஒட்டிய அரை செ.மீ. தடிமன் ரப்பர் பட்டை இரண்டு, நடுவே ஒரு விரல் இடைவெளி. அந்த இடைவெளியில் சாக்ஸ் முழுசாக ஒட்டாது, காற்று இறங்கும். இவற்றோடு அதே கழற்றும் பலகை. தராசில் 17 கிலோ 11 ஆகக் குறைந்தது. புதுப் பூட்ஸ் அளவுக்கு இல்லை, ஆனால் செலவு ஒரு டியூப்பும் கொஞ்சம் சொல்யூஷனும்தான். பலகை மட்டும் செய்து கொடுத்தாலே பல வீடுகளில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று இப்போது நினைக்கிறேன். கடைக்கு வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.

அடுத்தது பெரியம்மாவுக்கு. களை எடுப்பதும் கேரட் பிடுங்குவதும் பெரும்பாலும் பெண்கள்தான், ஆனால் இங்கே கடைகளில் தொங்கும் கம்பூட்ஸெல்லாம் ஆண்கள் அளவு. இரண்டு அளவு பெரிதாக எடுத்து, முன்னால் துணி திணித்துப் போடுகிறார்கள். சேற்றில் கால் வந்துவிடும், பூட்ஸ் அங்கேயே நிற்கும். பெரியம்மாவின் குதிகால் சாய்வுச் சுற்று சாக்ஸோடு 30 செ.மீ., புறங்கால் மேடு 23. பாதம் விரல் பக்கம் அகலம், குதிகால் ஒல்லி. இந்த விகிதத்துக்கு ஆண்கள் அச்சைச் சீவிப் பயனில்லை. சின்ன அச்சு ஒன்றை எடுத்து, விரல் பக்கம் தோல் துண்டுகளை ஒட்டி அகலப்படுத்திக்கொண்டிருக்கிறேன். சேலையைத் தூக்கிச் செருகி, மேலே சட்டை போட்டுக்கொண்டு வேலை செய்கிறவருக்கு நீட்டிக்கொண்டிருக்கும் வளையம் முந்தானையிலும் செடியிலும் மாட்டும். அதனால் வார்கள் இரண்டையும் குழலுக்குள் மடித்துவிடும்படி, மேல்விளிம்பின் உள்பக்கம் தைக்கப் போகிறேன். கொக்கி நுழையும் அளவுக்கு மட்டும் வாய் தெரியும். எலாஸ்டிக் ஒவ்வொன்றும் 5 செ.மீ. கழுத்து சும்மா இருக்கும்போது 25. ரெக்ஸின் மாதிரி தயாராகிவிட்டது, பிளாஸ்டிக் கவர் சோதனை பாக்கி.